மாற்றீடு செய்யப்பட்ட உடல்கள்: ‘நூலகத்தில் ஒரு சடலம்’ – நாவலும் இரு தொலைக்காட்சி வடிவங்களும்

1

துப்பறியும் நாவல் குறித்து நமது முற்போக்கு விமர்சனம் அதிகம் பேசியதில்லை. வணிகப் பண்டம், பொழுதுபோக்கு, யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் மனப்பாங்கின் வெளிப்பாடு என்னும் மூன்று தொடர்களுடன் அவ்விலக்கிய வகை பெரும்பாலும் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. இம்மூன்றும் தவறான கூற்றுகள் அல்ல. ஆயின், பெருந்தொகையான மக்கள் விரும்பி நுகரும் ஒரு கலை வடிவத்தை, அது பொழுதுபோக்கு என்பதனாலேயே ஆராயாது விடுவோமாயின், கருத்துநிலை எவ்விடத்தில் மிக இயல்பாகச் செயற்படுகின்றதோ அவ்விடத்தையே நோக்காது விட்டவர்களாவோம். கிராம்சி தமது சிறைக் குறிப்புகளில் துப்பறியும் கதைகளுக்கு இடமளித்தார். பிறெக்ற் அவற்றின் ஆர்வமிக்க வாசகராக இருந்ததோடு அவை பற்றி எழுதியும் உள்ளார். ஏர்னஸ்ற் மண்டேல் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்விலக்கிய வகையின் வளர்ச்சியை முதலாளித்துவ சமூகத்தின் வரலாற்றோடு இணைத்து விளக்கினார். அவர்கள் காட்டிய வழியில், ஒரு நாவலையும் அதன் இரு தொலைக்காட்சி வடிவங்களையும் இக்கட்டுரை நோக்குகின்றது.

நாவல், அகதா கிறிஸ்டி 1942இல் வெளியிட்ட ‘நூலகத்தில் ஒரு சடலம்’. முதலாவது தொலைக்காட்சி வடிவம், பி.பி.சி. 1984 டிசம்பர் 26 முதல் 28 வரை மூன்று பகுதிகளாக ஒளிபரப்பியது, ரி. ஆர். போவன் எழுத, சில்வியோ நரிசானோ நெறிப்படுத்த, ஜோன் ஹிக்சன் மிஸ் மார்ப்பிளாக நடித்தார். இரண்டாவது, ஐ.ரி.வி. 2004 டிசம்பர் 12இல் ஒளிபரப்பியது. கெவின் எலியட் எழுத, அண்டி வில்சன் நெறிப்படுத்த, ஜெரால்டின் மெக்கியூவன் அப்பாத்திரத்தை ஏற்றார். கதையின் முடிவை வெளியிடாது இக்கதையை ஆராய இயலாதாகையால், அதனை அறிய விரும்பாத வாசகர் நாவலைப் படித்த பின்னர் இக்கட்டுரைக்குத் திரும்புதல் நன்று.

கொலையாளி யார் என்பதே இவ்விலக்கிய வகை வாசகர் முன் வைக்கும் வினா. இக்கட்டுரை எழுப்பும் வினா வேறு. இறந்தவர் யார்? அவரது மரணம் எவருக்கு இழப்பாகின்றது?

2

மாளிகை பற்றி முதலிற் சில கூறவேண்டும். ஆங்கிலேய நாட்டுப்புறப் பெருமாளிகை நிலவுடைமையின் குத்தகை வருமானத்தின் மீது நின்றது. அவ்வருமானத்தோடு, பல இடங்களில், குடியேற்ற நாடுகளிலிருந்தும் அடிமைகளின் உழைப்பிலிருந்தும் பெறப்பட்ட செல்வமும் சேர்ந்தது. பிரித்தானியாவின் ‘நஷனல் ட்ரஸ்ட்’ 2020இல் வெளியிட்ட அறிக்கை, தனது பராமரிப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்றவாதத்தோடும் அடிமைமுறையோடும் தொடர்பிருந்ததை இனங்கண்டது. அம்மாளிகைகளின் பொருளாதார அடித்தளம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்டங்காணத் தொடங்கிவிட்டது. வேளாண்மை வருமானம் வீழ்ந்தது. 1894இல் மரணச் சொத்து வரி அறிமுகமானது. முதலாம் உலகப் போரின் பின்னர் பெருநிலங்கள் பரவலாக விற்கப்பட்டன. வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று.

மாளிகை பொருளாதார ரீதியாகத் தேய்ந்துகொண்டிருந்த அதே காலத்திலேதான், அதாவது இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான், மாளிகைக் கொலைக் கதை ஓங்கி வளர்ந்தது. றேமண்ட் வில்லியம்ஸ் கிராமத்தையும் நகரத்தையும் பற்றி 1973இல் வெளியிட்ட நூலில் இத்தொடர்பைக் கவனித்துள்ளார். நிலத்தோடும் உற்பத்தியோடும் இருந்த உறவு அற்றுப்போக, மாளிகை சிலர் வந்து கூடும் ஒரு மூடிய களமாக மட்டும் எஞ்சியது. அத்தகைய களமே துப்பறியும் கதைக்குத் தேவைப்பட்டது. உற்பத்தியில் தன் பங்கை இழந்த ஒரு கட்டடம், கதையில் புதிய பங்கொன்றைப் பெற்றது எனலாம்.

1942ஆம் ஆண்டளவில் நூலகத்திற் சடலம் கிடத்தல் தேய்ந்துபோன மரபாகிவிட்டது. கிறிஸ்டி இதனை நன்கறிந்திருந்தார். நாவலின் பிற்காலப் பதிப்பொன்றுக்கு எழுதிய முன்னுரையில், இம்மரபைப் புதுவிதமாகக் கையாள நெடுநாள் எண்ணியிருந்ததாகவும், நூலகம் மிகவும் வழமையானதாகவும் சடலமோ அங்கு இருக்கவே முடியாத ஒன்றாகவும் அமைதல் வேண்டும் எனத் தாம் விதித்துக்கொண்டதாகவும் அவர் குறிப்பிடுகின்றார். இதனை வெறும் உத்தியாகவே அவர் கருதியிருக்கக் கூடும். ஆயின் ‘இருக்கவே முடியாத சடலம்’ என்பது எதனைச் சுட்டுகின்றது? கேணல் ஒருவரோ பிரபு ஒருவரோ அந்நூலகத்தில் இறந்துகிடப்பது இயல்பானது. பொன்னிறச் சாயமிட்ட கூந்தலும் மலிந்த சாற்றின் ஆடையும் அளவுக்கு மீறிய முகப்பூச்சும் கொண்ட இளம் பெண்ணொருத்தி அங்கு கிடப்பதே இயல்புக்கு மாறானது. பொருந்தாமை இங்கு வர்க்கப் பொருந்தாமையே.

3

நாவலின் முதற் பக்கங்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. கொசிங்டன் மாளிகையில் திருமதி பாண்ட்ரி காலை வேளையில் அரைத் துயிலில் இருக்கின்றார். மலர்க் கண்காட்சியில் தாம் பரிசு பெறுவதாகக் கனவு காண்கின்றார். கனவினூடே, நாள்தோறும் கேட்கும் ஒலிகளை அவர் மனம் எதிர்பார்க்கின்றது. பணிப்பெண் திரைச்சீலைகளை விலக்கும் ஒலி, நடைவழியைக் கூட்டும் தூரிகையின் ஒலி, முன்வாயிற் கதவின் தாழ் திறக்கப்படும் ஒலி என்பன அவை. அன்றோ அவ்வொழுங்கு குலைந்து, பதற்றத்துடன் ஓடிவரும் பணிப்பெண் மேரியின் குரலே கேட்கின்றது. நூலகத்திற் சடலம் இருப்பதை வீட்டுக்காரர் அறிவது அவ்வாறே.

வீட்டின் உழைப்பு உடைமையாளரை ஒலியாக மட்டுமே வந்தடைகின்றது என்பதை கிறிஸ்டி எவ்வித விமர்சன நோக்குமின்றிச் சரியாகப் பதிவு செய்கின்றார். உழைப்போர் எவர், எத்தனை மணிக்கு எழுந்தனர், எந்த அறையைக் குளிரிற் துடைத்தனர் என்பன கனவு காண்பவருக்குத் தேவையில்லை. ஒலி நின்றபோதுதான் அது இருந்ததென உணரப்படுகின்றது. சடலத்தை முதலிற் காண்பவரும் உழைப்பவரே. திரைச்சீலையை விலக்கவேண்டியவரே அறைக்குள் முதலில் நுழைகின்றார்.

இதன் பின்னர் கதை எவரது நலனை முன்னிட்டு நகர்கின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. திருமதி பாண்ட்ரி தமது தோழியான மிஸ் மார்ப்பிளை அழைக்கின்றார். அவரது உடனடிக் கவலை அறிமுகமற்ற பெண்ணின் மரணம் அன்று. குற்றவாளி பிடிபடாவிடின் அயலவர் தம் கணவரை ஐயுறுவர், விருந்துகளுக்கு அழையார், அவர் மனமுடைந்து போவார் என்பதே அவர் அஞ்சுவது. கேணலின் நற்பெயரே இக்கதையில் மீட்கப்பட வேண்டிய பொருள். இறந்த பெண்ணுக்கு நீதி கிடைப்பது அம்மீட்சியின் உபவிளைவாகும்.

4

இறந்தவள் ரூபி கீன் என அடையாளம் காணப்படுகின்றாள். வயது பதினெட்டு. டேன்மவுத் என்னும் கடற்கரை நகரின் மஜெஸ்டிக் ஹோட்டலிலே விருந்தினரோடு நடனமாடுவது அவள் தொழில். ரூபி கீன் என்பதுகூடத் தொழிலுக்காகச் சூட்டிய பெயரே. உண்மைப் பெயர் ரோசி லெக். அவளைப் பற்றி நாவல் தரும் செய்திகளை ஒழுங்குபடுத்தி நோக்கும்போது ஓர் அமைப்பு புலனாகின்றது. அதனை மாற்றீடு என்னும் சொல்லாற் குறிக்கலாம்.

முதலாவது மாற்றீடு தொழிற் சந்தையில் நிகழ்கின்றது. ஹோட்டலில் நடனமாடியும் சீட்டாட்ட மேசைகளை ஒழுங்கு செய்தும் வந்தவள் ஜோசி டேர்னர். நீராடுகையில் அவளது கணுக்கால் சுளுக்கிக்கொள்ள, நடனமாட இயலாது போகின்றது. தனக்குப் பதிலாக உறவுக்காரியான ரூபியை அவளே வரவழைக்கின்றாள். உழைப்பவரின் உடல் பழுதடையும்போது அதனிடத்தில் இன்னோர் உடலை நிறுத்தவேண்டும் என்னும் நியதி கதையின் ஊற்றுக்கண்ணாக அமைவது தற்செயலாயினும் பொருள் பொதிந்தது.

இரண்டாவது மாற்றீடு குடும்பத்தில் நிகழ்கின்றது. ஹோட்டலில் தங்கியிருக்கும் பெருஞ்செல்வரான கொன்வே ஜெபர்சன் விமான விபத்தொன்றில் மனைவியையும் மகனையும் மகளையும் தம் கால்களையும் இழந்தவர். இறந்த மகள் ரொசமண்டின் இடத்தில் ரூபியை வைத்து, அவளை மகளாகத் தத்தெடுத்து, 50,000 பவுணை அவள் பெயரில் எழுத எண்ணுகின்றார். இத்தொகையே கொலையின் காரணமாகின்றது. மருமகன் மார்க் கஸ்கெலும் மருமகள் அடிலெய்டும் எதிர்பார்த்திருந்த சொத்து இது.

மூன்றாவது மாற்றீடு கொலையாளிகளின் திட்டம். மார்க்கும் ஜோசியும் இரகசியமாக மணம் செய்துகொண்டவர்கள். மார்க், திரைப்படத்தில் வாய்ப்பளிப்பதாகக் கூறி, பமேலா ரீவ்ஸ் என்னும் பதினாறு வயது மாணவியை வஞ்சித்து அழைக்கின்றான். அவளது கூந்தலுக்குச் சாயமிட்டு, முகத்திற் பூச்சுகள் பூசி, ரூபியின் பழைய ஆடையொன்றை அணிவித்து, அவளைக் கொல்கின்றனர். பசில் பிளேக் என்னும் இளைஞனின் வீட்டிலே அவர்கள் இட்ட சடலத்தை, அவன் மதுபோதையில், தனக்குப் பிடிக்காத கேணலின் நூலகத்திற்கு மாற்றிவிடுகின்றான். ஜோசி வந்து, சடலம் ரூபியுடையது எனச் சாட்சியம் கூறுகின்றாள். கொலை நிகழ்ந்த நேரம் பற்றிய பொலிஸாரின் கணக்கு முழுவதும் இப்பொய்யடையாளத்தின் மீதே எழுப்பப்படுகின்றது. நான்காவது மாற்றீடு இதன் மறுபக்கம். உண்மையான ரூபி பின்னரே கொல்லப்படுகின்றாள். களவாடப்பட்ட காரொன்றில், கற்குழியொன்றிலே அவளது உடல் எரிக்கப்படுகின்றது. எஞ்சிய காலணியையும் சாரணியர் சீருடைப் பொத்தானையும் கொண்டு அச்சடலம் பமேலாவினது எனக் கொள்ளப்படுகின்றது.

இத்திட்டம் வெற்றி பெறுவதற்கு எது துணைசெய்கின்றது? பமேலா மேஜர் ஒருவரின் மகள். மரியாதைக்குரிய மத்தியதர வீட்டுப் பெண். ரூபி ஹோட்டலின் கூலி நடனக்காரி. இவர்களுக்கிடையே உள்ள தூரம் அச்சமூகத்திற் கடக்கமுடியாததாகக் கருதப்பட்டது. ஆயினும் ஒரு போத்தல் சாயமும் பழைய ஆடையொன்றும் அத்தூரத்தைக் கடந்துவிடுகின்றன. மலிவான தோற்றமுடைய பெண்ணைக் கண்டவுடன் கேணலும் பொலிஸாரும் அதற்கப்பால் நோக்க முற்படவில்லை. இவ்வகைப் பெண்களில் ஒருத்தி என்ற முடிவு அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. தனி மனுஷி மறைந்து வகை மட்டும் எஞ்சும் இப்பார்வையையே கொலையாளிகள் மூலதனமாகக் கொண்டனர். சந்தையிலே பண்டங்கள் தம் தனித்தன்மையை இழந்து ஒன்றுக்கொன்று ஈடாவது போல, இங்கு இரு பெண்களின் உடல்கள் ஒன்றுக்கொன்று ஈடாகின்றன. கிறிஸ்டி மார்க்ஸைப் படித்து இதனை அமைத்தார் எனக் கூறுவது நகைப்பிற்கிடமானது. ஆயினும் துப்பறியும் கதையின் தருக்கத்தை அதன் எல்லைவரை இட்டுச் சென்றபோது, தமது வர்க்கத்தின் பார்வையிலிருந்த குருட்டிடத்தை அவர் தம்மையறியாமலே கதையின் அச்சாக்கிவிட்டார்.

5

இக்குருட்டிடத்தை உடைப்பவர் மிஸ் மார்ப்பிள். அவரது முறை குறித்து ஒன்று சொல்லவேண்டும். சடலத்தின் நகங்கள் கடிக்கப்பட்டுக் குறுகியிருந்ததை அவர் கவனிக்கின்றார். ரூபியின் நகமொன்று ஜோசியின் சால்வையிற் சிக்கிக் கிழிந்ததாகவும் பின்னர் வெட்டப்பட்டதாகவும் சிறுவன் பீட்டர் கூறுவதோடு, அந்நகத் துண்டையும் நினைவுப் பொருளாக வைத்திருக்கின்றான். தொழில்முறையில் நடனமாடும் பெண்ணுக்கு நீண்டு மெருகேறிய நகம் அழகுச் சாதனம் மட்டுமன்று, பிழைப்புக்கான கருவியுமாகும். நகம் கடிப்பது பாடசாலைச் சிறுமியின் பழக்கம். அவ்வாறே, ஆடவன் ஒருவனைச் சந்திக்கச் செல்லும் ரூபி போன்ற பெண் தன்னிடமுள்ள சிறந்த ஆடையையே அணிந்திருப்பாள். பழைய ஆடையில் அவள் சென்றிருக்க முடியாது எனவும் அவர் ஊகிக்கின்றார்.

உழைப்பு உடலில் விட்டுச்செல்லும் தடத்தைப் படிப்பதே இங்கு துப்பறிதலாகின்றது. மற்றையோர் வகையைக் கண்ட இடத்தில் அவர் ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கையைக் கண்டார். இவ்வளவில் அவரது பார்வை முற்போக்கானது. ஆயின் ஆடை பற்றிய ஊகம் வேறொரு தன்மையது. ரூபி சார்ந்த வர்க்கத்தினருக்கு இடமறிந்து உடுத்தத் தெரியாது. நற்குடிப் பெண்ணுக்கே அது தெரியும் என்னும் முன்முடிவின் மீதுதான் அது நிற்கின்றது. வர்க்க இழிவுநோக்கே இங்கு அறிவாகத் தொழிற்பட்டு உண்மையையும் கண்டுபிடிக்கின்றது. இம்முரண்பாட்டை மறைத்து, கிறிஸ்டியைப் பிற்போக்குவாதி என ஒரே அடியாகத் தள்ளிவிடுவதும் மறைமுகப் புரட்சியாளர் எனக் கொண்டாடுவதும் ஒருசேரப் பிழையாகும். மாளிகையின் ஒழுங்கைக் காப்பாற்றுவதற்காக, அவ்வொழுங்கின் பொய்மையைத் தற்காலிகமாக வெளிப்படுத்த நேர்ந்த எழுத்து இது.

6

தொலைக்காட்சி இக்கதையை ஏற்கும்போது முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஊடகம் சார்ந்தது. நாவலில் நாம் சடலத்தைக் காண்பதில்லை; பாத்திரங்கள் அதனைக் கண்டு கூறும் சொற்களை மட்டுமே கேட்கின்றோம். திரையிலோ முகம் தெரியும். ரூபியின் முகத்தையும் சடலத்தின் முகத்தையும் பார்வையாளர் நன்கு ஒப்பிட நேர்ந்தால் மர்மம் அக்கணமே கலைந்துவிடும். ஆகவே காமெரா இறந்த பெண்ணின் முகத்தில் நெடுநேரம் தங்க இயலாது. கேணலும் பொலிஸாரும் நோக்கியது போலவே, சாயத்தையும் ஆடையையும் கண்டு அப்பாற் செல்லவேண்டும். இதனால் பார்வையாளரும் அவ்வர்க்கப் பார்வையைத் தம் கண்ணாகக் கொள்ளும்படி ஆக்கப்படுகின்றனர். முடிவில் ‘நாமும் நோக்கத் தவறினோம்’ என்னும் உறுத்தலைப் பார்வையாளரிடம் எழுப்ப இயலுமாயின், தொலைக்காட்சி வடிவம் நாவலையும் விஞ்சிச் சென்றிருக்கும். இவ்வாய்ப்பை இரு வடிவங்களும் எவ்வாறு கையாண்டன?

1984ஆம் ஆண்டு வடிவம் நாவலின் கதைப்பின்னலுக்குப் பெருமளவு விசுவாசமானது. கொலையாளிகள் மார்க்கும் ஜோசியுமே. ஹிக்சனின் நடிப்பு இவ்வடிவத்தின் பெரும்பேறு. அப்போது எழுபத்தெட்டு வயதினரான அவர், மிஸ் மார்ப்பிளை வேடிக்கைக்குரிய கிழவியாக்கவில்லை. அசைவு குறைந்த உடலும் அயராத கண்களும் கொண்டு, மரணத்தை மரணமாகவே மதிக்கும் ஒருவரை அவர் நம்முன் நிறுத்துகின்றார். மூன்று பகுதிகளுக்குரிய நிதானம் பணியாளர்களுக்கும் பொலிஸாருக்கும் மூச்சுவிட இடமளிக்கின்றது. மாற்றீட்டுச் சங்கிலி சிதையாமற் பேணப்பட்டமைக்கும் இந்நிதானமே காரணம்.

எனினும் அது எக்காலத்தில், எவ்வகைப் படிமமாக முன்வைக்கப்பட்டது என்பதும் ஆராயற்பாலது. கதை 1950களுக்கு நகர்த்தப்பட்டுள்ளது. ஊழியரும் பணிப்பெண்களும் நிறைந்த மாளிகை உண்மை வாழ்வில் அருகிவிட்ட காலம் அது. அங்கு கொசிங்டன் மாளிகையை நிறுத்துவதன் மூலம் தொலைக்காட்சி அவ்வொழுங்கின் ஆயுளை நீட்டித்துள்ளது. ஹம்ஷயரிலுள்ள நெதர் வல்லொப் என்னும் உண்மைக் கிராமம் சென்ற் மேரி மீட் ஆகியது. 1981இல் ‘பிரைட்ஸ்ஹெட் றீவிசிட்டட்’ தொடர் மாளிகை வாழ்வின்பால் ஏக்கத்தைக் கிளர்த்தியிருந்தது. 1983இல் தேசிய மரபுரிமைச் சட்டம் நிறைவேறியது. மாளிகை வாழிடமாக இருந்த காலம் முடிந்து மரபுரிமையாக நுகரப்படும் காலம் தொடங்கியிருந்தது. இத்தொடர் ஒளிபரப்பான நத்தார் வாரத்தில், 1984 மார்ச்சில் தொடங்கிய பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் பத்தாவது மாதமாக நீடித்துக்கொண்டிருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் எனக் கூறுவது இயந்திரப் பாங்கான விமர்சனமாகும். சுரங்கத்தை மறக்கடிக்க எவரும் இத்தொடரைத் தயாரிக்கவில்லை. ஆயினும் ஒரே வீட்டின் ஒரே திரையில் அடுத்தடுத்து வந்த இரண்டு இங்கிலாந்துகளில் எது ‘உண்மையான இங்கிலாந்து’ எனச் சுவைக்கப்பட்டது என்பது நியாயமான வினாவே. தொடரின் ஒளிப்பதிவு அக்கிராமத்தின் மீது கொண்ட அன்பு, அதன் கதை அக்கிராமத்தைப் பற்றிச் சொல்லும் உண்மையோடு முரண்படுகின்றது.

7

2004ஆம் ஆண்டு வடிவம் வேறொரு பாதையிற் சென்றது. வேகமும் வண்ணமும் நகைச்சுவையும் மிக்க அவ்வடிவத்தில், ஐந்தாவது மாற்றீடொன்று நிகழ்கின்றது. கொலையாளியே மாற்றப்படுகின்றார். மார்க் குற்றமற்றவனாகின்றான். ஜோசியின் கூட்டாளியாக அடிலெய்ட் வருகின்றாள். இருவரும் காதலர்.

மூலத்தை மாற்றுவது பாவம் என்னும் தூய்மைவாதம் நமக்கு உடன்பாடானதன்று. மாற்றம் எதனைப் புதிதாகக் காணச் செய்கின்றது, எதனை மறைக்கின்றது என்பதே அளவுகோல். நாவலில் மறைக்கப்பட்டிருந்தது ஒரு திருமண ஒப்பந்தம். உயர் குடும்பத்து மருமகனொருவன் ஹோட்டல் ஊழியையை மணந்தமை வெளிப்பட்டால், இறந்த மகளின் கணவன் என்ற முறையில் மாமனாரின் செல்வத்தின் மீது அவனுக்கிருந்த பிடி தளரும். அதனால் மறைத்தான். திருமணப் பதிவேட்டை நினைவுகூர்ந்ததே மிஸ் மார்ப்பிளுக்கு வழிகாட்டுகின்றது. அரசு பேணும் ஆவணமொன்றில், சொத்துறவின் மொழியிலேயே, குற்றத்தின் திறவுகோல் கிடைக்கின்றது. கிறிஸ்டியின் கதையில் அன்பு, இரத்தம், நன்றி ஆகிய யாவற்றின் அடியிலும் ஒப்பந்தமே கிடக்கின்றது என்பது இதனால் விளங்கும்.

1950களின் இங்கிலாந்தில் இரு பெண்களின் உறவைப் பதிவேட்டில் எழுத இயலாது. எனவே 2004ஆம் ஆண்டு வடிவத்தில் ஆவணத்தின் இடத்தை அந்தரங்கம் பெறுகின்றது. பணம் அங்கும் நோக்கமாக உண்டு. ஆயினும் இறுதியில் வெளிப்பட்டு நம்மை அதிர்விக்கும் உண்மை பணம் அன்று, காதலே. சொத்து பற்றிய கதை அந்தரங்க வேட்கை பற்றிய கதையாக இடம்பெயர்ந்துவிடுகின்றது. இங்கிலாந்தில் ஒருபால் இணையருக்குச் சட்ட அங்கீகாரமளித்த குடிசார் கூட்டுறவுச் சட்டம் 2004 நவம்பர் 18இல் அரச அங்கீகாரம் பெற்றது. அதன்பின் ஒரு மாதமும் நிறைவுறாத நிலையிற் பல்லாயிரம் வீடுகளில் ஒளிபரப்பான இக்கதையில், பெண்கள் இருவரின் காதல் குற்றத்தின் விளக்கமாக வெளிப்பட்டது. இதனைப் பகைமையின் வெளிப்பாடு எனக் கொள்ளலாகாது. எலியட், ஒருபாலீர்ப்புடைய ஆண்களின் வாழ்வையும் இழப்பையும் பரிவோடு சித்திரித்த ‘மை நைட் வித் ரெக்’ என்னும் 1994ஆம் ஆண்டு நாடகத்தின் ஆசிரியர். பழைய வடிவமொன்றிலே இதுவரை இடம்பெறாதிருந்தோருக்கு இடமளிக்க அவர் விரும்பியிருக்கலாம். ஆயின் இவ்விலக்கிய வகையில் மறைவாயிருப்பது எதுவோ அதுவே குற்றமாகும். மறைந்து வாழ நிர்ப்பந்திக்கப்பட்டவர்களை அவ்வடிவத்தினுள் கொண்டுவருமிடத்து, வடிவத்தின் தருக்கம் எழுத்தாளரின் பரிவை வென்றுவிடுகின்றது. கலை வடிவம் நடுநிலையான பாத்திரம் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

இம்மாற்றத்தால் இன்னொன்றும் நேர்ந்தது. மார்க் விடுவிக்கப்பட்டபோது, ஹோட்டல் ஊழியையை மணந்து அவளது உழைப்பையும் உறவையும் கொலைக்குப் பயன்படுத்திய உயர்குடி ஆணும் விடுவிக்கப்பட்டான். பெண்கள் இருவர் பெண்கள் இருவரைக் கொன்ற கதையாக அது சுருங்கியது.

8

இவ்விரு வடிவங்களையும் நாவலையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, ரூபி கீனின் நிலை மூன்றிலும் மாறவில்லை என்பது தெரியவருகின்றது. பமேலாவுக்குப் பெற்றோர் உளர். அவர்களது துயரம் நாவலிற் பேசப்படுகின்றது. கேணலுக்கு மானம் மீள்கின்றது. ரூபிக்கு இருந்த ஒரே உறவு ஜோசி, அவளே கொலையாளி.

மாளிகையின் வரலாறும் அங்கு நிற்கவில்லை. கிறிஸ்டி 1962இல் வெளியிட்ட மற்றொரு மிஸ் மார்ப்பிள் நாவலில், கேணல் இறந்துவிட்டார். கொசிங்டன் மாளிகை திரைப்பட நடிகையொருத்திக்குக் கைமாறிவிட்டது. கிராமத்தின் ஓரத்திற் புதிய குடியிருப்புத் திட்டம் எழுந்துள்ளது. திரைப்படத் தொழிலைச் சார்ந்தவன் என்பதற்காகப் பசில் பிளேக்கை இழிவாக நோக்கிய அயல், இப்போது அத்தொழிலின் செல்வத்திற்கு மாளிகையையே விற்றுவிட்டது. ஹிக்சன் 1992இல் இறுதியாக நடித்த மிஸ் மார்ப்பிள் கதையும் அதுவே. வரலாறு இவ்வாறு கதையின் பின்வாயிலால் நுழைந்தே தீர்கின்றது.

நாவலின் இறுதிப் பகுதியில் ஒரு செய்தி உண்டு. கொலையாளிகளைப் பொறியில் வீழ்த்துவதற்காக, மிஸ் மார்ப்பிளின் திட்டப்படி ஜெபர்சன் ஓர் அறிவிப்பைச் செய்கின்றார். ரூபிக்கு உரியதாக இருந்த பணத்தைக் கொண்டு, நடனத் தொழிலைத் தேடி இலண்டனுக்கு வரும் இளம் பெண்களுக்காக அவள் நினைவாக ஒரு விடுதி அமைக்கப் போவதாகக் கூறுகின்றார். பணம் கைநழுவும் என்ற அச்சத்தில் அன்றிரவே அவரைக் கொல்ல வந்த ஜோசி கையும் மெய்யுமாகப் பிடிபடுகின்றாள். அதன் பின்னர் செல்வம் அடிலெய்டின் முதல் திருமணத்து மகனான பீட்டரை நோக்கித் திரும்புகின்றது. விடுதியைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

ரூபி போன்றோரின் வாழ்வுக்குச் சமூகம் ஏதேனும் செய்யவேண்டும் என்னும் எண்ணம் கதை முழுவதிலும் ஒரேயொரு தடவை உரைக்கப்படுகின்றது. அதுவும் தூண்டிலிற் கோத்த இரையாக மட்டுமே. கிறிஸ்டி இதனை நையாண்டியாக எழுதினார் என்பதற்குச் சான்றில்லை. எனினும் அவர் எழுதியுள்ளார். வாசகர் மறந்துவிடலாம், விமர்சகர் மறத்தலாகாது. இக்கதை இனியும் பல தடவை படமாக்கப்படலாம். கொலையாளியை மீண்டும் மாற்றுவதைக் காட்டிலும், ரூபியின் முகத்தில் காமெராவைச் சற்று நேரம் தங்கவிடுவதும், அவளுக்காக அறிவிக்கப்பட்ட விடுதி ஏன் அமையவில்லை என ஒரு பாத்திரத்தையேனும் வினவ வைப்பதும் கூடுதலான துணிவை வேண்டும் செயல்கள். ‘நூலகத்தில் ஒரு சடலம்’ என்னும் தலைப்பில் சடலத்திற்குப் பெயரில்லை. அப்பெயர் ரோசி லெக் என்பதை நினைவில் இருத்திக்கொண்டு இக்கதையைப் படிக்கவும் பார்க்கவும் தொடங்குதல், இவ்விலக்கிய வகை பற்றிய நமது விமர்சனத்திற்கு ஏற்ற தொடக்கமாக அமையும்.